கட்டாரிலிருந்து ஐந்து மணித்தியாலம்

"அண்ணே, அப்பாவுக்கு ரொம்ப முடியல. ஒன்னையத்தான் கேக்குறாரு. கட்டார்ல இருந்து பிளேன்ல அஞ்சு மணித்தியாலந்தானாமே, இன்னைக்கே வந்துரு" என்றாள் கிருஷ்ணகுமாரி, வாட்ஸ்அப்பில்.

"இப்பவே டிக்கட் பார்க்குறேன்" என்று தங்கைக்குச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான் சுரேந்திரன். காலை ஏழு மணி.

அவன் நின்றிருந்த இடம் கட்டார் இல்லை. அவிசாவளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினி, அடுப்புப் பக்கம். தெஹியோவிட்டவில், அப்பா அழகமுத்து படுத்திருந்த தோட்ட லயத்து வீட்டுக்கு அங்கிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம்.

இரண்டு வருடத்துக்கு முன் தோட்டமே திரண்டு மாலை போட்டு அவனை வேன் ஏற்றி அனுப்பியது. கொழும்பில் ஏஜென்ட் கம்பி நீட்டிவிட்டான். போட்ட மாலை வாடுவதற்குள் எந்த முகத்தோடு திரும்பிப் போவது? 'வந்து சேர்ந்துட்டேன்' என்று ஒரு பொய் சொன்னான். அதைக் காப்பாற்ற வாரம் ஒரு பொய் தேவைப்பட்டது.

கூட வேலை செய்யும் றிஸாத் உண்மையிலேயே கட்டாருக்குப் போய் வந்தவன். "அப்பாவ விடவா வெக்கம் பெரிசு? பேசாம பஸ்ஸப் புடி மச்சான்" என்றான்.

சுரேந்திரன் கேட்கவில்லை. கணக்குப் போட்டான். மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், ஐந்து மணித்தியாலம். டிக்கட் எடுத்து ஏர்போர்ட் போக மூன்று. கட்டுநாயக்காவிலிருந்து தோட்டத்துக்கு இன்னும் மூன்று. மாலை ஆறு மணிக்கு முன்னால் அங்கே கால் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

றிஸாத்தின் பழைய சூட்கேஸை இரவல் வாங்கினான். அதில் கட்டார் டேக் இன்னும் தொங்கியது. கடைத்தெருவில் வெளிநாட்டுச் சோப்பும் சொக்கலேட்டும் வாங்கி நிரப்பினான். பிறகு குசினி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இல்லாத பிளேன் வந்து இறங்கும்வரை காத்திருந்தான். தெஹியோவிட்ட பஸ் புறப்படும்போதெல்லாம் கண்டக்டர் கூவுவது கேட்டது. தன்னை நினைக்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எழுந்து போகக் கால் வரவில்லை.

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. கிருஷ்ணகுமாரிதான். பிளேனில் இருப்பவன் எப்படி எடுப்பான்? அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறரைக்கு லயத்துக்கு வந்தபோது வழியெல்லாம் வெள்ளைக்கொடி. அப்பா ஒரு மணிக்கே போய்விட்டாராம்.

அம்மா அவன் கையிலிருந்த சூட்கேஸைப் பார்த்தாள். தொங்கிய டேக்கைப் பார்த்தாள். அவனை ஓரமாக அழைத்துப் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"தை மாசம் கிளினிக் போனப்ப, கடையில நீ ரொட்டி போடுறத அப்பா பார்த்திருக்காருய்யா. இன்னைக்குத்தான் என்கிட்ட சொன்னாரு. அவன் வெக்கப்படுவான், நீ ஒண்ணும் கேக்காதன்னாரு. ஒனக்குச் சொல்லியாச்சுன்னதும் வாசலையே பார்த்துக்கிட்டு, 'அவிசாவளையில இருந்து அரை மணித்தியாலந்தானே, புள்ளைக்கு பஸ் கெடைக்கலையோ'ன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."