கைராசிக்காரர்

“சார், அந்தம்மாவை வேற பிரிவுக்கு மாத்திடுங்க. இனி என்னால முடியாது.”

மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “புதுசா வந்த கெமிஸ்டையா? அப்படி என்ன பண்ணாங்க?”

“ஒண்ணும் உருப்படியா பண்ணல. அதுதான் சார் பிரச்சினை!” என்றார் நம் விஞ்ஞானி.

விஷயம் இதுதான். டிவி, செல்போன் திரைகளில் நீல வெளிச்சம் தரக்கூடிய ஒரு மூலக்கூறை அவர் தயாரித்துக்கொண்டிருந்தார். அதன் இரண்டு பாதிகளை ஒட்டவைக்க எல்லோரும் பல்லேடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தைத் துளியூண்டு சேர்ப்பார்கள். கடைசியில் அதில் கொஞ்சம் மிச்சம் நின்றாலும் வெளிச்சம் மங்கிவிடும். நம்மவரோ உலோகமே இல்லாமல் ஒட்டவைத்துவிட்டார்! வெள்ளிக்கிழமை திரை தயாரிக்கும் கம்பெனிக்காரர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள். அது நல்லபடியாக முடிந்தால் பிரிவுத் தலைவர் நாற்காலி அவருக்குத்தான்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்று. அதே பொருள், அதே சூடு, அதே பக்குவம். ஆனால் புது கெமிஸ்ட் செய்தால் மட்டும் ஒட்டவே மாட்டேன் என்றது.

“சிலருக்குக் கைராசி இருக்கும் சார், சிலருக்கு இருக்காது” என்றார். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன் பேசுகிற பேச்சா இது என்று அவர் மனசே அவரை இடித்தது. இருந்தாலும் சொல்லச் சொல்ல இனித்தது.

“வெள்ளிக்கிழமை முடியட்டும், பார்க்கலாம்” என்றார் மேலதிகாரி.

வீட்டுக்குப் போய் மனைவியிடமும் இதே பெருமை.

“கைராசியா? உங்களுக்கா?” அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்க மாட்டின பாத்ரூம் பல்பு, நீங்க ஸ்டூலை விட்டு இறங்கறதுக்குள்ள ஃபியூஸ் போச்சே!”

“அது பல்போட தப்பு.”

“ஆமா, என்னைக்கு உங்க தப்பா இருந்திருக்கு?”

மறுநாள் லேபுக்குள் நுழைந்தவருக்குப் பகீரென்றது. குடுவைக்குள் கிடந்து தானாகச் சுழன்று கலக்குமே, அந்தச் சின்னக் காந்தத் துண்டு, அவருடையது மட்டும் கீறல் விழுந்து கறுத்துப்போன பழசு. அதை விட்டு வேறு எதையும் அவர் தொடமாட்டார், யாருக்கும் இரவலும் தரமாட்டார். அது இப்போது புது கெமிஸ்டின் குடுவைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“தப்புதான் சார், மன்னிச்சிடுங்க. ஆனா இதைக் கொஞ்சம் பாருங்களேன்.”

குடுவைமேல் அவள் புறஊதா விளக்கைப் பிடித்தாள். உள்ளே நீலம் பளீரென்று ஒளிர்ந்தது.

“அட! உங்க கைக்கும் ராசி வந்திடுச்சே!”

“என் கையில ஒண்ணும் இல்ல சார். புதுக் காந்தம் போட்டா, நீங்க கலந்து வெச்சதுகூட ஒட்டல. இந்தப் பழசைப் போட்டா, நான் கலந்ததும் ஒட்டுது.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “முன்னாடி பல்லேடியம் வேலைக்கும் இதைத்தானே போட்டீங்க? கீறலுக்குள்ள அது இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு சார். சுரண்டி சோதிச்சுப் பார்த்துட்டேன்.”

அவர் ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். உலோகமே வேண்டாம் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த மனிதர், அதே உலோகத்தைத் தன் கையாலேயே குடுவைக்குள் போட்டுவந்திருக்கிறார்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

“யார்கிட்டயும் சொல்லலையே?”

“பெரிய சார்கிட்ட காலையிலேயே சொல்லிட்டேன் சார். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி அவருக்குத் தெரியணுமில்லையா?”

போச்சு. மானம், நாற்காலி எல்லாம் போச்சு.

மேலதிகாரியின் அறைக்கு நடக்கும்போதே ஒரு பொய் தயாராகிவிட்டது. ‘கழுவி வைக்கிற பொறுப்பு அந்தம்மாவோடது சார். அவங்க ஒழுங்கா கழுவல.’ அவருக்கே அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் கதவைத் தட்டுவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.

“சார், அந்தம்மா...” என்று ஆரம்பித்தார்.

மேலதிகாரி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எல்லாம் சொன்னாங்க. உங்க தப்பை நீங்களே கண்டுபிடிச்சு, ‘உடனே போய்ச் சொல்லுங்க, கம்பெனிக்காரங்களை வரவேண்டாம்னு சொல்லிடலாம்’னு அவங்களை அனுப்பி வெச்சீங்களாமே! இந்தக் காலத்துல யாருய்யா இப்படிச் செய்வா?”

மனப்பாடம் ஆகியிருந்த பொய்யை விஞ்ஞானி அப்படியே விழுங்கினார்.

“அந்த மாற்றல் பேச்சும் எப்படியோ அவங்க காதுக்குப் போயிருக்கு. ‘இவ்வளவு நேர்மையானவர்கிட்டேயிருந்து என்னை மாத்திடாதீங்க சார்’னு கெஞ்சிட்டுப் போனாங்க.”