முதல் கியர்

ஊன்றுகோல் ஈரத்தில் வழுக்கியது.

விழுந்தாள். உள்ளங்கை உரிந்தது.

எழுந்தாள். துண்டால் கைப்பிடிகளைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தாவத் தொடங்கினாள். இரண்டு கோலும் ஒரு காலும்.

விடியலில் சேலத்தில் புறப்பட்டவள். ஏற்காடு போய்ச் சேர வேண்டும். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் சிலருக்குச் செயற்கைக் கால் பொருத்த நிதி திரட்டும் ஓட்டம். போன வாரம் அவர்களில் ஒரு சின்னவள் இந்த ஊன்றுகோலைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதை வெச்சுக்கிட்டு மலையெல்லாம் ஏற முடியுமாக்கா?” என்று கேட்டாள்.

முடியும் என்று சொல்லியாயிற்று.

தண்ணீரோடு கூட வந்த தோழியின் ஸ்கூட்டர் அடிவாரத்து மழையிலேயே நின்றுவிட்டது. இங்கே பனி. பத்தடி தள்ளி எதுவும் தெரியவில்லை.

பின்னாலிருந்து ஒரு லாரி வந்து பக்கத்தில் நின்றது. சிமெண்ட் லோடு. நரைத்த மீசை டிரைவர் தலையை நீட்டினார்.

“ஏறிக்க கண்ணு. மேல கொண்டு விட்டுடறேன்.”

“வேண்டாங்ணா. ஓடித்தான் போகணும்.”

அவள் தாவி முன்னே போனாள். பனியன் முதுகில் ஓட்டத்தைப் பற்றி எழுதியிருந்ததை அவர் படித்திருக்க வேண்டும். லாரி மறுபடியும் பக்கத்தில் வந்தது.

“ஊருக்கு முன்னால எறங்கிக்க. இந்தப் பனியில யாரு பாக்கறா?”

அவள் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். காய்ந்த இருக்கை.

“புள்ளைங்க மேல நின்னுட்டிருக்காங்க. எப்படிக்கா வந்தீங்கன்னு கேப்பாங்க.”

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஆனால் முந்திப் போகவில்லை.

முதல் கியரில் பின்னாலேயே வந்தார். மஞ்சள் விளக்கு அவளுக்கு முன்னால் சாலையைப் போட்டுக் கொடுத்தது.

ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. டிரைவர் கையை வெளியே நீட்டி, பொறு என்று காட்டினார். ஹாரன் நின்றது. அப்புறம் கார்கள். ஜீப் ஒன்று. மலைப்பாதையே அவளுடைய வேகத்துக்கு வந்துவிட்டது.

பஸ் ஜன்னல்களில் தலைகள். யாரோ கைதட்டினார்கள். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ்ஸுக்கான விசில் இல்லை அது.

அவள் முதுகு நிமிர்ந்தது.

ஒரு வளைவில் மூச்சு வாங்க நின்றாள். டிரைவர் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் குடித்து முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கால் எப்படி கண்ணு போச்சு?”

கல்லூரி வாசல். திரும்பிய லாரி. பின்சக்கரம். நிறுத்தாமல் போய்விட்ட அந்த டிரைவரின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

இவருடைய முகத்தைப் பார்த்தாள்.

“பொறந்ததுலருந்தே இப்படித்தாங்ணா.”

அவர் நீளமாக மூச்சு விட்டார்.

“நல்லா இரு கண்ணு.”

போய் ஏறிக்கொண்டார். லாரி உறுமியது.

வருடக் கணக்காக அந்தச் சத்தம் கேட்டாலே உதறுகிற உடம்பு. எந்த வளைவில் அந்த உதறல் நின்றுபோனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மேலே, பனிக்குள், பிள்ளைகளின் கூச்சல். “ரேணுக்கா! ரேணுக்கா!”

ஓரத்தை விட்டு நடுச்சாலைக்கு வந்தாள்.

லாரிக்கு முன்னால் ஓடினாள்.