முத்துக் கோபுர வாசல்

காசிமேட்டில் மீன் வெட்டும் ஜெசிந்தா, தன் தம்பி ரீகனை உலகநாதன் அரிவாளால் ஏழு வெட்டு வெட்டிக் கொன்றதை, எதிர்ச்சாரியில் நின்று அலறிக்கொண்டே கைப்பேசியில் பிடித்திருந்தாள். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏம்மா, பின்னால முத்துக் கோபுரம் முழுசா படத்துல விழுந்திருக்கு. அனுமதியில்லாம அந்தக் கட்டடத்தப் படம் எடுத்தா அஞ்சு வருஷம். கோர்ட்டே இதப் பாக்கக் கூடாது."

"நான் கட்டடத்தயா சார் எடுத்தேன்? எந்தம்பி சாவுறத எடுத்தேன்."

"அவன் ரெண்டடி தள்ளிச் சந்துல செத்திருக்கலாம்."

படத்தை அழித்தார். பாவம் பார்த்து அவள் மேல் வழக்குப் போடவில்லை.

உலகநாதன் அதே கோபுர வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஜெசிந்தா நேரே அவனிடம் போனாள்.

"என்னாக்கா மொறைக்கிற? இடம் பாத்துத்தான் வெட்டுனேன். இங்க போலீஸே கேமரா வைக்க முடியாது."

"அதான் தம்பி, நானும் இங்கியே வந்தேன்," என்று கூடையிலிருந்து மீன் கத்தியை எடுத்தாள்.

முதல் வெட்டுக்கே கூட்டம் கூடிவிட்டது. பத்துப் பேர் கைப்பேசியைத் தூக்கினார்கள். பின்னால் இருந்த கட்டடத்தைப் பார்த்ததும் பத்துப் பேரும் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

ஜெசிந்தா நிதானமாக ஏழு வரை எண்ணினாள்.