கோணல் விரலின் முறை

டாக்டர் பியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. சோன்ஜினின் கால் பெருவிரலின் பக்கத்தில் புடைத்திருந்த எலும்பைச் சீவி, கோணிய விரலை நேராக்கி ஆறு வாரம் ஆகிறது. மற்ற நோயாளிகள் எல்லாரும் எப்போது நடக்கலாம் என்றுதான் நச்சரிப்பார்கள். அவள் அப்படி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"எலும்பு நல்லா கூடியிருக்கு. சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு நீங்க தாராளமா நடமாடலாம்மா."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. "வீக்கம் இன்னும் இருக்கே டாக்டர்?"

"சாயங்காலமானா கொஞ்சம் இருக்கும். போகப்போக வடிஞ்சிடும்."

"நாள் முழுக்க அடுப்படியில நின்னா விரல் பழையபடி கோணிக்காதா?"

"கோணாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நொண்டிக்கொண்டே வெளியே போனாள். வரும்போது அவள் நொண்டவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

அவளுடைய மாமியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மருமகள் நடிக்கிறாள் என்று புகார் வரப்போகிறது என டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரு மாசம் இவ நிக்கக் கூடாதுன்னு ஒரு சீட்டு எழுதித் தந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சா போயிடும்?"

"அவங்களுக்குத்தான் குணமாயிடுச்சேம்மா."

"அது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். வீட்டு ஆம்பளைங்களுக்குத் தெரிய வேணாம். இவ நிக்க முடியலைன்னாதான் சூசோக்குக்கு முன்னோர் படையலைக் கடையில வாங்க ஒத்துக்குவாங்க. நாப்பது வருஷமா தட்டுத் தட்டா பலகாரம் சுட்டு அடுக்கியிருக்கேன் டாக்டர்."

பேசிக்கொண்டே காலுறையைக் கழற்றி, பாதத்தை அவர் முன்னால் நீட்டினார். அந்தப் பெருவிரலும் கோணியிருந்தது.

"புத்தாண்டுப் படையலுக்குப் பத்து நாள் முன்னாடி இதை ஆபரேஷன் பண்ணிடுங்க. அது என் முறை."