இரண்டு வாசல் கூண்டு

“ஏலே சின்னச்சாமி, வலை நுனியை உள்பக்கமா விடாதே. காடையோட காலைக் கிழிச்சிரும்லே.”

வெள்ளைத்துரை அண்ணாச்சி வீட்டு மாடியில் கம்பி வலையை வளைத்துக்கொண்டிருந்த சின்னச்சாமி, நுனியை வெளிப்பக்கம் மடக்கினான். அண்ணாச்சி யூடியூபில் காடை வளர்ப்பு பார்க்க ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் காடைகளுக்குத் தாயும் தகப்பனும் ஆகிவிட்டார்.

“இதுக்குள்ள அம்பது போடலாம் அண்ணாச்சி.”

“மனசாட்சி வேணும்லே! இருபதுதான். நெருக்கி அடைச்சா ஒண்ணை ஒண்ணு மிதிச்சே செத்துரும். மேல ஈரச்சாக்கும் போடணும். பாவம், வெக்கை தாங்காத சீவன்.”

சின்னச்சாமி ஒரு கதவு வைத்தான். அண்ணாச்சி பதறினார்.

“பின்னாடியும் ஒண்ணு வைலே. அவசரம்னா ஒரே வாசல் வழியா அம்புட்டையும் எப்படி வெளிய எடுப்பே?”

“உங்களுக்கு ரொம்ப எளகின மனசு அண்ணாச்சி.”

அண்ணாச்சி அடக்கமாகச் சிரித்தபோது செல்போன் அடித்தது. அவருடைய பட்டாசு கம்பெனி போர்மேன்.

“ரூமுக்கு நாலு பேருதானா? சட்டம் சட்டத்துல இருக்கட்டும். தீபாவளி ஆர்டர் குமிஞ்சு கெடக்கு, பத்துப் பேரா உக்கார வை. பின்வாசலா? அங்கன அட்டைப்பெட்டியை அடுக்கு. தெறந்து கெடந்தா வெளிய நின்னு கதை பேசுவாளுக.”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

“எங்கலே விட்டோம்?”

இரண்டாவது கதவுக்கு வலையை வெட்டிக்கொண்டே சின்னச்சாமி கேட்டான்:

“எம் பொஞ்சாதி வேலுத்தாய் உங்க கம்பெனியிலதான் மருந்து அடைக்கா, அண்ணாச்சி. அவளை இந்தக் கூண்டுக்கு மாத்தி விடுறீகளா?”