மேசை தட்டிய கை

சட்டசபையின் கடைசி வரிசையில் இருந்த மேசைக்கு அன்று காலையிலிருந்தே உடம்பெல்லாம் எரிந்தது. அது செம்மலைத் தேக்கில் செய்த மேசை. அந்தச் செம்மலையைச் சுரங்கத்துக்குத் தூக்கிக் கொடுக்கும் மசோதா இன்று வருகிறது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரோ செம்மலைத் தொகுதி உறுப்பினர்.

"இன்னிக்காவது வாயைத் திறப்பாரா?" என்று தன்மேல் இருந்த மைக்கைக் கேட்டது மேசை.

"நாலு வருஷமா என்னைத் தொட்டதே இல்லை. கட்சிக் கொறடா கண்ணைக் காட்டினா உன்னைத் தட்டுவார். அவ்வளவுதான் அவர் வேலை," என்றது மைக்.

மசோதாவைப் படித்து முடித்தார்கள். கொறடா திரும்பிப் பார்த்தார். உறுப்பினர் சிரித்துக்கொண்டே கையை ஓங்கினார்.

"அந்த மலைக்காரங்க ஓட்டுப் போட்டு அனுப்பின கைடா இது," என்று பல்லைக் கடித்தது மேசை. "ஆணியே, நீ இப்ப முழிச்சுக்கோ." பலகைக்குள் துருப்பிடித்துக் கிடந்த ஆணியை முழு பலத்தோடு மேலே தள்ளியது.

"ஐயோ" என்று அவர் அலறியது, தானாகவே உயிர்பெற்ற மைக் வழியாகச் சபை முழுக்கக் கேட்டது. செம்மலைக்காக அங்கே ஒலித்த முதல் வார்த்தை அது.

சபாநாயகர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அந்த வார்த்தையை அவைக்குறிப்பிலிருந்து நீக்குகிறேன். மசோதா நிறைவேறியது."