பெயர் சொல்லாத கேஸ்

திருப்பதியில் மாதம் ஒருமுறை டாக்டர்கள் சங்கம் கூடும். கிராமத்து இளம் டாக்டர்கள் தங்களைக் குழப்பிய கேஸ்களை, நோயாளியின் பெயர் சொல்லாமல், பெரியவர்கள் முன் வைப்பார்கள்.

புத்தலப்பட்டு டாக்டர் நேசகுமார் ஒரு ரத்த ஸ்லைடை நீட்டினான். சங்கத் தலைவர் ஞானசிங் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"ரத்தப் புற்றுய்யா. ஆறு மாசம் தாங்கினா அதிசயம். வயசு?"

"இருபத்தெட்டு, சார். சர்ச்சில கல்யாண அறிவிப்பு ஓலைகூட வாசிச்சாச்சு."

"இத மறைச்சிக்கினு தாலி கட்டுவானா? அயோக்கியன்! பொண்ணோட நைனாகிட்ட உடனே சொல்லு."

"எப்படி சார் சொல்றது?"

"மூஞ்சிய நேராப் பார்த்துச் சொல்லுய்யா. இதுகூடக் கத்துக் குடுக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

பிளாஸ்திரி சுற்றிய விரலால் ஸ்லைடை எடுத்துக்கொண்ட நேசகுமார், அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"உங்க பொண்ணு ஞானசௌந்தரிகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க, மாமா."